சாக்கு ஊசியில் தைத்த எதிரி

மைதாவைக் கரைத்து அதில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சும்போது ஒரு வாடை வரும். புளிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. செம்புப் பாத்திரத்தை நாக்கில் வைத்த மாதிரி இருக்கும். போன வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், நோட்டுப் புத்தகம் தைக்கிற ஒரு பைண்டிங் கடை வாசலில் அந்த வாடை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பஸ்ஸுக்கு நேரமாகிறது, நான் நகராமல் நிற்கிறேன். கடைக்காரர் என்ன வேணும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒரு ஆளை நினைத்துக்கொண்டு நின்றேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த ஆள் பிறக்கவே இல்லை. காகிதத்தில் இருந்தான். அவன் மேல் நான் பட்ட பொறாமையை, மூச்சு விடுகிற எந்த மனுஷன் மேலும் பட்டதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அருப்புக்கோட்டை கடைத்தெருவில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தேன். சரக்கு அடுக்கி வைக்கக் கடைக்குப் பின்னால் ஒரு கிட்டங்கி. அப்பாவும் அண்ணனும் கிராமத்தில் இருந்தார்கள்; டவுனில் நானும் என் மனைவியும் மட்டும் ஒரு வாடகை வீட்டில். தெருவைப் பார்த்து ஒரு கதவு, கம்பி போட்ட ஒரு ஜன்னல், ஒரு அறை, அடுப்படி, பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிய முற்றம். பின்கதவு கிடையாது. நான் செய்த காரியத்துக்கு அந்தப் பின்கதவு இல்லாததும் ஒரு காரணம்.

அவள் திருச்சுழிக்காரி. எட்டாவது வரை படித்தவள். எங்கள் தெருப் பெண்களில் எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் வந்து ஆறு மாதத்துக்குள் அவளுக்கு ஒரு பதவி கிடைத்துவிட்டது. ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார்கள். மதுரை பஸ்ஸில் அது வியாழக்கிழமை வந்து இறங்கும். தெருக்குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவைதான். குழாயடியில் குடங்களை வரிசை வைத்துவிட்டு, தண்ணீர் வருகிற வரைக்கும் எதிர்வீட்டுச் சுவர் நிழலில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் இவள் நடுவில் உட்கார்ந்து தொடர்கதை வாசிப்பாள். தறி ஓடுகிற வீட்டில்கூட அப்போது சத்தம் நின்றுவிடும். கதைக்காக நிற்கிறதா நூல் அறுந்து நிற்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு தொடர்கதை வந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் தங்கம் கடத்துகிற ஒரு கூட்டம். அதற்கு ஒரு தலைவன். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. கறுப்புக் கண்ணாடி. வெள்ளைச் சட்டை, அதில் ஒரு சுருக்கம் இருக்காது. அவன் யாரையும் எதையும் கேட்க மாட்டான். சொல்வான், அது நடக்கும். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள், இவன் படகு கரை சேர்வதைப் பார்த்துவிடுகிறாள். அவளை வெளியே விட்டால் காட்டிக் கொடுத்துவிடுவாள் என்று காரில் தூக்கிக்கொண்டு போகிறான். அப்புறம் என்ன, அவளைக் கொல்ல மனசு வராமல் வாரா வாரம் தவிக்கிறான்.

பத்திரிகை ஐந்து வீடும் சுற்றி முடிந்ததும் என் மனைவி அந்தக் கதைப் பக்கங்களை மட்டும் நோகாமல் பிரித்து எடுத்து வைப்பாள். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். பத்துப் பன்னிரண்டு வாரம் சேர்ந்ததும் ஒரு நாள் என்னிடம் சாக்கு ஊசியும் சணலும் கேட்டாள். கடையில் மூட்டை தைக்கிற ஊசி. மறு பேச்சில்லாமல் கொண்டுவந்து கொடுத்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் போட வேண்டும் என்று மயில்துத்தம் கேட்டாள். அதையும் வாங்கிக் கொடுத்தேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து, பக்கங்களைத் தட்டி அடுக்கி, ஊசியைக் குத்தி இழுத்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொண்டேன். சுகமான சாயங்காலம் அது. என் எதிரிக்கு நானே சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

தெரிந்தது ஒரு வாரம் கழித்து. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். தெருத் திருப்பத்தில் குழாயடிப் பேச்சு காதில் விழுந்தது. எதிர்வீட்டு அக்கா, நாலு பிள்ளை பெற்றவர், நூல் சுற்றுகிறவர், வாய்க்கு வேலி கிடையாது. அவர்தான் ஆரம்பித்தார்.

“அவன் வந்து நின்னா செண்டு வாசம் தூக்குமாம்ல. எங்க வீட்டு ஆளு வந்தா தறியில பாவு நூலுக்குப் போடுற கஞ்சி வாசம்தான் தூக்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி புருஷன் மேல் பீடி வாசம், ஒருத்தி புருஷன் மேல் வெங்காய மண்டி வாசம். கடைசியில் யாரோ என் மனைவியைப் பார்த்து, ஒங்கவுக மேல என்ன வாசம்டி என்று கேட்டார்கள். அவள் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தாள். அப்புறம் சொன்னாள், “புண்ணாக்கு.”

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் திருப்பத்திலேயே நின்று என் சட்டைக் கையை மோந்து பார்த்தேன். புண்ணாக்குதான்.

பொறாமை எப்படி வரும் என்று பலர் பல விதமாகச் சொல்வார்கள். எனக்கு அது எங்கள் கரிசலில் வெடிப்பு விடுகிற மாதிரி வந்தது. காலையில் பார்த்தால் மயிரிழை. மத்தியானம் பார்த்தால் விரல் போகும். சாயங்காலம் ஒரு ஆட்டுக்குட்டியின் கால் போய் மாட்டிக்கொள்ளும். சக்களத்திக்கு ஆண்பாலில் ஒரு சொல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால் அந்தப் புருவத் தழும்புக்காரனை அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டிருப்பேன். அவன் என் வீட்டுப் பரணில் படுத்திருந்தான். நான் வாங்கிக் கொடுத்த சணலால் கட்டுண்டு, நான் வாங்கிக் கொடுத்த மயில்துத்தத்தில் பூச்சி அரிக்காமல் இருந்தான். அவள் சோறு போடும்போது என் தட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை என்று எனக்குத்தான் தெரியும். வெயிலில் உலர்த்திய என் சட்டையை அவள் மடித்தபோது சுருக்கம் இருக்கிறதா என்று நான் பார்த்தேன். இருந்தது.

அவள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அந்தப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துப் படித்தேன். அப்படி என்னதான் இருக்கிறது இவனிடம் என்று பார்ப்பதற்கு. படிக்கப் படிக்கத் தெரிந்தது ஒன்றுதான்: பெண்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். கேட்காமல் செய்கிறவனை. அதிகம் பேசாதவனை. பயமுறுத்துகிறவனை. நானோ காலையில் கடைக்குக் கிளம்பும்போது இன்றைக்கு என்ன குழம்பு என்று அவளிடம் கேட்கிறவன்.

மாற்றிக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

முதலில் மீசை. அது வருகிற வேகத்தில் வந்தது. பிறகு மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போனபோது ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். எதுவும் பேசவில்லை. பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், உடனே வெளியே ஓடினாள். ஆஹா, வேலை செய்கிறது என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் கையில் எதிர்வீட்டுச் செடியில் பறித்த நந்தியாவட்டைப் பூ. கண் நோவு என்று நினைத்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி, என்னைப் படுக்க வைத்து, குளிர்ந்த பூவைக் கண் மேல் ஒத்தி ஒத்தி எடுத்தாள். மறுநாள் தெருவே என் கண்ணை விசாரித்தது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அந்தப் பூவின் குளிர்ச்சியிலேயே வந்திருக்கலாம். ஒருத்தி என் கண்ணில் பூ ஒத்துகிறாள். நான் அவள் விரலுக்குள் இன்னொருவனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரக் கதையில் அந்தத் தலைவன் வாத்தியார் மகளைக் கடற்கரையில் ஓர் உப்புக் கிட்டங்கிக்குள் வைத்துப் பூட்டினான். “நான் வரும்வரை நீ இங்கேதான்” என்று சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். அங்கே ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். அன்றைக்குக் குழாயடியில் பெண்கள் விட்ட பெருமூச்சு கடைத்தெரு வரைக்கும் கேட்டதாக எனக்குத் தோன்றியது. என் மனைவி அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புப் போட மறந்தாள். உப்புக் கிட்டங்கியில் நின்றுகொண்டு சமைத்தால் அப்படித்தான் ஆகும் என்று மனசுக்குள் கறுவினேன்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை பந்தல்குடியில் ஒரு பருத்திக்கொட்டை லோடு பார்க்க நான் போக வேண்டியிருந்தது. காலையில் கடைக்குப் போய், கிட்டங்கியில் தொங்கிய திண்டுக்கல் பூட்டைக் கழற்றினேன். உள்ளங்கை அகலம், ஒரு படி அரிசிக் கனம். கிட்டங்கிக் கதவைச் சணல் கயிற்றால் கட்டிவிட்டு, பூட்டோடு வீட்டுக்கு வந்தேன். அவள் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்று, வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தி, “நான் வர்ற வரைக்கும் நீ இங்கதான்” என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கதவைச் சாத்தி, நாதாங்கியைப் போட்டு, பூட்டை மாட்டி அழுத்தினேன். ஜன்னலில் அவள் முகம் வந்தது. என்னங்க, என்னங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். கதையில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பந்தல்குடியில் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நான் உடனே திரும்பியிருக்கலாம். தூத்துக்குடி ரோட்டோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. சட்டைப் பையில் சாவி கனத்தது. அவள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்சம் பயம், கொஞ்சம் கோபம், அதற்கு அடியில் வேறொன்று. இத்தனை நாளும் அவனுக்குப் போன அந்த வேறொன்று இன்றைக்கு எனக்கு. அந்த நினைப்பை ருசிப்பதற்காக அருப்புக்கோட்டை பஸ் ஒன்றை வேண்டுமென்றே விட்டேன். இன்னொரு டீ சொன்னேன். இதை எழுதும்போது இன்றைக்கும் முகம் சுடுகிறது.

ஒன்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தண்ணீர் முறை. எந்த நாளில் குழாயில் தண்ணீர் வரும் என்பது எங்கள் வீட்டில் எனக்குத் தெரியாது. குடத்தில் தண்ணீர் இருக்கும், நான் குடிப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்று விட்டால் இன்னும் நாலு நாள் அந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

சாயங்காலம் நாலு மணி சுமாருக்குத் தெருவுக்குள் நுழைந்தேன். குழாயடியில் யாரும் இல்லை. என் வீட்டு வாசலில் கூட்டம். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன். கிட்டே போனபோது ஒரு குரல் மட்டும் கேட்டது, நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு. அவள் குரல்.

ஜன்னல் கம்பிக்கு உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள். கம்பிக்கு வெளியே தெருவே உட்கார்ந்திருந்தது. யாரோ கம்பி வழியாக அந்த வாரப் பத்திரிகையை உள்ளே நீட்டியிருக்கிறார்கள். அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். பூட்டிய கதவுக்கு முன்னால், விடியலிலேயே அவள் குழாயடி வரிசையில் வைத்திருந்த எங்கள் வீட்டுக் குடம் மூன்றும், அதோடு இன்னும் நாலு வீட்டுக் குடங்களும், கழுத்து வரை நிரம்பி வரிசையாக நின்றன. ஆளுக்கு ஒன்று பிடித்து வைத்திருக்கிறார்கள். பிறகு எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும்: பூட்டை அம்மிக்கல்லால் உடைத்துவிடலாம் என்று அவர் கல்லோடு வந்திருக்கிறார். இவள்தான் வேண்டாம் என்றாளாம். பூட்டுனவுகளே வந்து தெறக்கட்டும் என்றாளாம்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு கதவை நோக்கிப் போனேன். எதிர்வீட்டு அக்கா தலையைக்கூடத் திருப்பாமல் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி. இன்னும் ரெண்டு பக்கந்தான் இருக்கு. முடிஞ்சதும் தெறந்து விடுங்க.”

நின்றேன். கையில் சாவியோடு, புண்ணாக்கு வாசத்தோடு, முளைத்தும் முளைக்காத மீசையோடு, அத்தனை பெண்களுக்கும் பின்னால் நின்றேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை தவறாமல் வாசிப்பைத் தொடர்ந்தாள். கதையில் அந்தத் தலைவன் உப்புக் கிட்டங்கிக்குத் திரும்பி வருகிறான். கதவைத் திறக்கிறான். அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைக்கிறான். அவள் அழவில்லை. அவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறாள்: “பூட்டிய நீயும் இந்த வாசலைத்தானே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாய்? அடைபட்டுக் கிடந்தது நான் மட்டும் என்றா நினைக்கிறாய்?”

அந்த வரியை அவள் அவசரப்படாமல் படித்தாள். பெருமூச்சு எதுவும் வரவில்லை இந்தத் தடவை. பெண்கள் மெதுவாகத் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி, “கேக்குறா பாரு” என்றாள். அவ்வளவுதான். பந்தல்குடி பெஞ்சில் நான் விட்ட பஸ் என் கண் முன்னால் போயிற்று.

பூட்டைத் திறந்தேன். அவள் வெளியே வந்தாள். என்னைத் திட்டவில்லை. குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். நான் ஒன்றைத் தூக்கப் போனேன். அது அக்கா வீட்டுக் குடம், வைங்க என்றாள். அன்று முழுவதும் அவள் என்னிடம் பேசிய வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு மூன்று நாள் பேச்சே இல்லை. சோறு நேரத்துக்கு வந்தது. உப்பு சரியாக இருந்தது. அந்தச் சரியான உப்புதான் என்னைக் கொன்றது. இதற்கிடையில் கயிற்றால் கட்டிய கிட்டங்கிக்குள் ஒரு மாடு புகுந்து அரை மூட்டைப் பருத்திக்கொட்டையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. விஷயம் கடைத்தெருவுக்கு அதற்குள் வந்துவிட்டது. பக்கத்துக் கடை வத்தல் வியாபாரி, என்னைவிடப் பத்து வயது பெரியவர், எல்லார் முன்னாலும் கேட்டார்:

“என்னப்பா, தின்னுட்டுப் போற மாட்டுக்குத் தெறந்து வச்சுட்டு, சமைச்சுப் போடுற ஆளுக்கா பூட்டுப் போட்ட?”

கிட்டங்கிக்குப் பூட்டுப் போடலாம் என்று தேடினால் பூட்டைக் காணோம். அன்று கதவைத் திறந்த பதற்றத்தில் எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. வீட்டிலும் கடையிலும் புரட்டிப் பார்த்துவிட்டேன். சாவி மட்டும் சட்டைப் பையிலேயே கிடந்தது.

நாலாம் நாள் காலை அவள் ஒரு துணிப்பையோடு கிளம்பி நின்றாள். திருச்சுழிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு. எத்தனை நாள் என்று கேட்கத் தைரியம் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்தேன். வழியில் சேவு வாங்கினேன், அவளுக்குப் பிடிக்கும் என்று. திருச்சுழி பஸ் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்று சேவுப் பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டினேன். அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் அவள் கம்பிக்கு உள்ளே, நான் வெளியே. திறப்பது யார் என்பதுதான் மாறியிருந்தது.

டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இனிமேல் நேரம் கிடைக்காது என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“அவன்ட்ட அப்படி என்னதான் இருக்கு?”

யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணாடி, மீசை, பூட்டு எல்லாம் அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு ஒரே நூலில் கோத்து விளங்கியிருக்க வேண்டும். சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

“அவன் கெட்டவங்க. நெசத்துல இருந்தா எங்க தெருவுக்குள்ள விடுவமா? அக்கா வெளக்கமாத்தாலயே அடிச்சுத் தொரத்தியிருப்பாக” என்றாள்.

பிறகு ஏன் என்று நான் கேட்டேனா, என் முகம் கேட்டதா, தெரியவில்லை. அவள் சேவுப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

“அடுப்புல சோறு பொங்குனா அவனப் புத்தகத்தோட கவுத்து வச்சுட்டுப் போயிருவேன். நான் வந்து எடுக்குற வரைக்கும் அங்கனயே நிப்பான். ஓங்குன கையோட நிப்பான். அன்னைக்கு நான் ரெண்டு தடவ கூப்புட்டேன். நீங்க நிக்கலயே.”

நான் பஸ்ஸின் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். சுட்டது. விடவில்லை.

“அதுவும் போக, அவனுக்காகவா படிக்கிறோம்?” என்றாள். “அவளுக்காகப் படிக்கிறோம். அவனக் கண்டா ஊரே நடுங்குது. அவ ஒருத்தி நிமிந்து ஏன்டாங்குறா. அந்த ஒரு ஏன்டாவுக்குத்தான் அஞ்சு வீடும் வெயில்ல காத்துக் கெடக்கோம்.”

இத்தனை நாளும் நான் தப்பான ஆள் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவள் வாரா வாரம் போய்ச் சந்தித்தது அவனை இல்லை, அவளை. என்னிடம் சொல்ல முடியாததை எல்லாம் அந்த வாத்தியார் மகளின் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். குடம் எத்தனை கனம், தண்ணீர் எந்த நாள், புண்ணாக்கு வாசம் சட்டையை விட்டுப் போக எத்தனை தடவை அலச வேண்டும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கேட்காமல் செய்கிறவனாக நான் புதிதாக மாற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஏற்கெனவே அவன்தான் நான். வெள்ளைச் சட்டை மட்டும் இல்லை.

அவள் போன பிறகு இரண்டு இதழ் வந்தது. ஐந்து வீட்டுக்கும் ஒரு பத்திரிகை வாங்குகிற ஏற்பாட்டை மீறி நான் தனியாக ஒன்று வாங்கி, பிரிக்காமல், சாக்கு ஊசியோடு பரணில் வைத்தேன். கதவை ராவும் பகலும் திறந்தே போட்டு வைத்தேன். எதிர்வீட்டு அக்கா பொறுக்க முடியாமல் ஒரு நாள் வந்து, பூட்டத்தான் வேணாம்னோம் தம்பி, சாத்திக்கிறலாம்ல, நாயி போகுது என்றார். தண்ணீர் முறை வந்த நாளில் நானே குடங்களைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தேன். பெண்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாவது வாரம், வரிசையில் என் குடத்துக்குப் பின்னால் ஒரு துணிப்பை வந்து நின்றது. நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. இந்தக் குடம் ஒழுகும், துணி வச்சுப் பிடிக்கணும் என்று ஒரு குரல் சொன்னது.

வருஷங்கள் போய்விட்டன. காதோரம் நரைத்துவிட்டது. பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. இன்றைக்கும் அவள் பத்திரிகையை விரித்து உட்கார்ந்து, உதடு அசையாமல் எங்கோ போய்விடும்போது, அங்கே அவளோடு பேசிக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு பெண்ணின் மேல் எனக்குப் பொறாமை வருகிறது. அவளிடம் சொல்வதில் பாதியாவது என்னிடம் சொல்ல மாட்டாளா என்று. சில நாள் சொல்கிறாள். பசை தடவிய புத்தகம் ராத்திரி முழுக்க ஒரு கனத்தின் கீழ் இருந்தால்தான் முதுகு வளையாமல் காயும். எங்கள் வீட்டில் அந்தக் கனம் ஒரு திண்டுக்கல் பூட்டு. அதைத் தூக்கி வைக்கும்போதெல்லாம், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல் நடந்த என் முதுகு எனக்குத் தெரிகிறது; அதைப் பார்க்கத் தெரிந்ததுதான் இத்தனை வருஷத்தில் நான் கற்றது. பூட்டு எப்படி அவளிடம் போயிற்று என்று நான் கேட்டதில்லை. அவள் திருச்சுழிக்குப் போன அன்று டிரைவர் ஏறி உட்கார்ந்து, பஸ் உறுமி, நகரத் தொடங்கியபோது, நான் கூடவே நாலு எட்டு ஓடினேன். திரும்பி வருவாயா என்று கேட்க நினைத்து, வாய் வராமல், வேறு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். அவள் துணிப்பையை மடியில் தூக்கி வைத்தாள். உள்ளே இரும்பு கணீரென்றது. கம்பிக்கு வெளியே குனிந்து சொன்னாள்:

“கிட்டங்கிப் பூட்டைத் தேடாதீங்க. அது எங்கிட்ட இருக்கு.”